பதினொரு நாள் தள்ளியவன்

முதலில் போனது ஓசூர்.
கண்ணாடிக் கதவு, ஏசி,
கழுத்தில் கம்பெனி அட்டையோடு எட்டுப் பேர்.
விமானத்துக்குக் காத்திருந்தபோது குடித்ததை
ஒருவர் கண்ணீரோடு சொன்னார்.
நான் டிரான்ஸ்ஃபார்மர் மேடையில் உட்கார்ந்து குடித்தவன்.
வெட்கம் ஒன்றுதான்.
ஆனாலும் வாசலில் விட்டிருந்த என் செருப்பையே
நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ் சூளகிரியில் அரைமணி நின்றது.
எதிரே பச்சைப் பலகை.
இறங்கவில்லை.
அதற்கு நான் காரணமில்லை.
சன்னலோரம் என்னை அடைத்துத்
தூங்கிக்கொண்டிருந்தார்
ஒரு பெரிய உடம்புக்காரர்.

இரண்டாவது தருமபுரி.
பேர் சொன்னால் கை தட்டினார்கள்.
நாள் சொன்னால் இன்னும் பலமாக.
கைதட்டல் கேட்டால் எனக்குக் கல்யாண மண்டபம்.
கல்யாண மண்டபத்துப் பின்கட்டில்தான்
எல்லாம் ஆரம்பித்தது.
பக்கத்து நாற்காலிக்காரர் உற்றுப் பார்த்தார்:
"நீங்க காவேரிப்பட்டணம் வயர்மேன்தானே?
என் மச்சான் சர்வீஸ் மனு
எட்டு மாசமா அப்படியே கிடக்கே."

மூன்றாவது கிருஷ்ணகிரி, லண்டன்பேட்டை.
மருந்துக்கடை மாடி, வியாழன் ஏழு மணி
என்று நர்ஸ் எழுதித் தந்த துண்டுக் காகிதம்.
ஒரு மாடி ஏறவேண்டியவன்
பதற்றத்தில் இரண்டு ஏறிவிட்டேன்.
வட்டமாக நாற்காலிகள். மிக்சர். டீ.
இதுதான் என்று உட்கார்ந்தேன்.
நோட்டு வைத்திருந்தவர்
ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.
"நீங்க எவ்வளவு தள்ளுறீங்க?"
தொண்டையைச் செருமிச் சொன்னேன்:
"பதினொரு நாள்."

ஈ பறந்தது கேட்டது.
பிறகு யாரோ:
"நாள் தள்ளியிருக்கா?
இப்ப எத்தனாவது மாசம்ணே?"

ஏலச்சீட்டுக் கூட்டம்.

சிரிப்பு படிக்கட்டு வரைக்கும்
என்கூடவே இறங்கி வந்தது.
கீழ்மாடிக் கதவில் பூட்டு, பூட்டில் துரு.
இந்த மட்டும் போதும் என்று
சட்டைப்பையில் பணம் இருக்கிறதா தொட்டுப் பார்த்தேன்.
நூற்று நாற்பது இருந்தது.

"அந்தக் கூட்டம் போன தையிலேயே நின்னுபோச்சு."
பின்னால் திம்மராஜ்,
தேங்காய் மண்டிக் கணக்குப்பிள்ளை.
மேலே எல்லோரும் சிரித்தபோது
அவர் சிரித்தாரா இல்லையா,
நான் பார்க்கவில்லை.
"எனக்கு நாலு வருசம் தள்ளியாச்சு.
ஞாயித்துக்கிழமை உங்க ஊர்லயே இருக்கு,
மாங்கூழ் ஃபேக்டரி எடைமேடை ரூம்.
டீ நல்லா இருக்காது.
யாரும் கை தட்ட மாட்டாங்க."

கம்பம் ஏறுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு.
லைன் கிளியர் வாங்கிய பிறகும்
கம்பியைப் புறங்கையால்தான் முதலில் தொடுவான்.
உள்ளங்கையால் தொட்டால்
உயிர் இருக்கும் கம்பி
கையைப் பிடித்துக்கொள்ளும்.
அந்த ஞாயிறு
அந்த அறையைப் புறங்கையால் தொட்டேன்.

ஆறு பேர். ஒரு மேசை விசிறி.
ஆனி மாசம்.
வெளியே குவித்த மாந்தோலும் கொட்டையும்
புளித்து நுரைத்த வாடை
சன்னல் வழியாக நேரே வந்து
என் நாக்கில் உட்கார்ந்தது.

பாக்கியமேரி முதலில் பேசினாள்.
"முந்தாநாள் குடிச்சிட்டேன்."
அவ்வளவுதான் சொன்னாள்.
யாரும் உச்சுக் கொட்டவில்லை.
திம்மராஜ் மட்டும் எழுந்து
விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு
வியர்வையோடு உட்கார்ந்தார்.

வாடை தாங்காமல் கேட்டேன்:
"சன்னலைச் சாத்திடட்டுமா?"
"சாத்துனா உள்ளயே நின்னுக்கும்," என்றாள்.
"தொறந்தே கிடக்கட்டும்.
உங்களுக்கு எவ்வளவு?"

"பதினாலு."

தலையை ஆட்டிவிட்டு
அடுத்தவரைப் பார்த்தாள்.

டீ உண்மையிலேயே நன்றாக இல்லை.
கிளம்பும்போது கிளாஸ் கழுவும் முறை பற்றிச்
சின்னச் சண்டை.
இந்த வாரம் அவர், போன வாரம் இவர் என்று
விரல்விட்டு எண்ணி முடித்தவர்கள்
"அப்ப வர்ற வாரம் வயர்மேன்"
என்று சொல்லிவிட்டு
ஆளுக்கொரு பக்கம் வண்டியை எடுத்தார்கள்.
நான் வருவேனா என்று
ஒருவரும் கேட்கவில்லை.